மாமனார், நான், ரெண்டு போன்: தீபாவளிக் கூட்டத்தில் ஒரு புதிர் விளையாட்டு

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதுரை விளக்குத்தூண் பக்கம் போகலாமா என்று யாராவது கேட்டால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் போனேன். துணி எடுக்கவும் போகவில்லை, பட்டாசு வாங்கவும் போகவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து புதிர் விடுவிக்கிற ஒரு விளையாட்டு ஆடப் போனேன். அதுவும் யாரோடு? என்னோடு எட்டு மாதமாக ஒரு வார்த்தை நேராகப் பேசாத மாமனாரோடு.

இந்த விளையாட்டைப் பற்றி விசாரித்து நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள். அதனால் எங்கே ஆரம்பிப்பது, எவ்வளவு நடக்கணும், எங்கே ஏமாறக்கூடாது என்று எல்லாம் சொல்கிறேன். ஆனால் மாமனாரை விட்டுவிட்டு இந்தப் பயணத்தை எழுத முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோயம்புத்தூர்க்காரன். மனைவி ஹேமா மதுரைப் பெண், சௌராஷ்டிரக் குடும்பம். கோயம்புத்தூரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம், பிடித்தது, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டோம். அவள் அப்பா கல்யாணத்துக்கு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார், கையெழுத்துப் போடுவதைப் பார்த்தார், சாப்பிடாமல் போய்விட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது அந்த மௌனம்.

மௌனம் என்றால் சண்டை இல்லை. அதுதான் கொடுமை. கே.கே. நகரில் இருக்கிற அவர்கள் வீட்டுக்குப் போனால் நாற்காலி போடுவார், ஃபேனை வேகமாக வைப்பார். எல்லாம் ஹேமா வழியாகத்தான். "அவரச் சாப்பிடச் சொல்லும்மா." "அவருக்கு இன்னொரு இட்லி வேணுமான்னு கேளு." நான் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்குள் அவர்கள் பேசிக்கொள்வது சௌராஷ்டிரம். எனக்கான இந்தத் தகவல்கள் மட்டும் சுத்தமான தமிழில் வரும், வாசலில் நிற்கிற கேஸ்காரரிடம் பேசுவது மாதிரி. மாமா ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பேசியவருக்கு நடுவில் ஓர் ஆள் இருந்தால்தான் வசதி போல என்று நான் ஹேமாவைக் கிண்டல் செய்வேன். உள்ளுக்குள் எனக்கு வலிக்கத்தான் செய்தது.

இந்த வருடம் எங்களுக்குத் தலை தீபாவளி. மாமனார் வீட்டில்தான் கொண்டாடணும், அவர் வாய் திறந்து கூப்பிடணும். அத்தை போனில் கூப்பிட்டார். ஹேமாவுக்கு அது போதவில்லை. "அம்மா கூப்பிட்டாங்கன்னு ரெண்டு நாள் வந்து பாப்போம். அப்பா உங்ககிட்ட நேரா, உங்க மூஞ்சியப் பார்த்து, 'தீபாவளிக்கு இருங்க'ன்னு சொன்னாத்தான் தங்குவோம். இல்லைன்னா ஞாயித்துக்கிழமையே கோயம்புத்தூர்" என்றாள். சொன்னதோடு நிற்காமல், ஆரப்பாளையத்திலிருந்து ஞாயிறு இரவு பத்தரை மணி பஸ்ஸில் ரெண்டு சீட்டும் போட்டுவிட்டாள். அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்த மகள்.

வெள்ளிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை முழுவதும் தகவல்கள் ஹேமா வழியாகவே வந்தன. அழைப்பு வரவில்லை. ஞாயிறு மத்தியானம் பெட்டியைக் கட்டியாகிவிட்டது.

அந்த விளையாட்டுக்கு நாங்கள் முன்பே பதிவு செய்திருந்தோம். மதுரை இளைஞர்கள் சிலர் சேர்ந்து உருவாக்கியது. ஒரு அணிக்கு ரெண்டு பேர், ரெண்டு போன், 599 ரூபாய். மொத்த நடை ரெண்டே கால் கிலோமீட்டர்தான், ஆனால் மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கணும். இதில் ஒரு விசேஷம், ஒரு போனில் கேள்வி வரும், மற்றதில் துப்பு வரும். ரெண்டு பேரும் பேசிக்கொண்டால்தான் விடை கிடைக்கும்.

மூன்று மணிக்குக் கிளம்பணும். ரெண்டே முக்காலுக்கு ஹேமாவுக்குத் தலைவலி வந்துவிட்டது. "ஐயோ, மண்டை வெடிக்குது. காசு கட்டியாச்சே... அப்பா, நீங்க என் போனை எடுத்துட்டு இவர்கூடப் போயிட்டு வாங்களேன்." இதைச் சொன்னபோது அவள் வாயில் பாதி முறுக்கு இருந்தது. மண்டை வெடிக்கிறவள் எவளாவது முறுக்கு கடிப்பாளா? மாமா அவளைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. உள்ளே போய் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, "ஆட்டோ வந்துருச்சான்னு பாக்கச் சொல்லு" என்றார்.

கே.கே. நகரிலிருந்து கோயில் பக்கம் நாலரை கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோ 150 ரூபாய். தீபாவளி நெரிசலில் நாற்பது நிமிடம் ஆனது. இப்போது ஹேமா இல்லையே, மாமா என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. மனுஷன் அசரவில்லை.

"தம்பி, அவருக்கு அந்தப் பக்கம் வெயில் அடிக்குதான்னு கேளுங்க" என்றார் ஆட்டோ ஓட்டுநரிடம்.

ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "யாருக்கண்ணே? பக்கத்துல ஒக்காந்துருக்காரே, அவருக்கா?"

"ஆமா."

"அண்ணே, ஒங்களுக்கு வெயில் அடிக்குதான்னு ஒங்க பக்கத்துல இருக்கவரு கேக்குறாரு."

"இல்லீங்க, பரவால்லன்னு சொல்லுங்க" என்றேன்.

"பரவால்லயாம்ணே." அப்புறம் ஓட்டுநர் சிக்னலில் திரும்பி எங்கள் ரெண்டு பேரையும் நன்றாகப் பார்த்துவிட்டு, "மாமனார் மாப்ளயாண்ணே?" என்று கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றதற்கு, "இம்புட்டு மரியாதையா வேற எவன் பேசாம வருவான்" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமா வெளியே தெரிந்த ஜவுளிக்கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டு கீழச் சித்திரை வீதியில், புதுமண்டபத்துக்கு முன்னால் தொடங்குகிறது. சித்திரை வீதிகளில் வண்டி விட மாட்டார்கள், அதனால் நிம்மதியாக நின்று போனைப் பார்க்கலாம். நாங்கள் தொடங்கியபோது மணி மூன்று நாற்பத்தைந்து. முதல் கேள்வி என் போனில் வந்தது: "ஏழு கடலும் ஒரே தெருவில். குடிக்க ஒரு சொட்டு இல்லை." மாமாவின் கையில் இருந்த ஹேமாவின் போனில் துப்பு வந்திருக்கணும். நான் கேள்வியைச் சத்தமாகப் படித்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. போனை நேராக என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். சரி, பேசாமல் ஆடவும் வழி கண்டுபிடித்துவிட்டார்! அதில், "புதுமண்டபத்துக்குப் பின்னால் பார்" என்று இருந்தது. நான் முழித்தேன். மாமா தாடையால் ஒரு பக்கம் காட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார். எழுகடல் தெரு. அங்கே ஒரு பழைய பலகையைத் தேடி எழுத்தை எண்ணிப் போட்டோம். விடை சரி.

ரெண்டாவது புதிர், "வளர மறந்த கோபுரம், காலடியில் கடை பரப்பியிருக்கிறது. அங்கே அதிகம் மின்னுவது எது?" இது ராயகோபுரம். கோபுரத்தின் அடிப்பகுதி மட்டும் பிரம்மாண்டமாக எழுந்து அப்படியே நின்றுவிட்டது. அதைச் சுற்றிப் பாத்திரக் கடைகள். சிற்பத் தூணைத் தலை அண்ணாந்து பார்த்தால் பக்கத்திலேயே எவர்சில்வர் குடம் தொங்குகிறது. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தேன், வீடியோ எடுத்தேன். இந்த அதிகப்பிரசங்கித்தனத்துக்குப் பின்னால் அனுபவித்தேன், அதை அப்புறம் சொல்கிறேன். விடை "எவர்சில்வர்" என்று போட்டேன், தவறு என்றது. மாமா பக்கத்துக் கடைக்காரரிடம், "பித்தளைன்னு போட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றார். கடைக்காரர் கையில் சொம்போடு என்னைப் பார்த்து, "தம்பி, பித்தளைன்னு போடணுமாம், எதுல போடணும்?" என்றார். போட்டேன், சரியாக இருந்தது. மாமாவின் நடையில் கொஞ்சம் மிடுக்கு கூடியிருந்தது.

அங்கிருந்து கீழமாசி வீதி வழியாகத் தெற்கே நடந்தோம். நடுவில் ஒரு தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடித்தோம், ஒரு டம்ளர் இருபது ரூபாய். சுக்கு வாசனையோடு தொண்டைக்கு இதமாக இருந்தது. குடிக்காமல் வந்துவிடாதீர்கள். வண்டிக்காரம்மாவிடம் மாமா, "அவருக்கு இன்னொன்னு வேணுமான்னு கேளுங்கம்மா" என்றார். அந்த அம்மா கரண்டியை வைத்துவிட்டு, "ஏன், ஒங்களுக்கு வாயில கொப்புளமா?" என்று கேட்டார். மாமா டம்ளரை நீட்டினார். எனக்கு ரெண்டாவது டம்ளர் வந்துவிட்டது.

தெற்கே போகப்போகக் கூட்டம் கூடிக்கொண்டே வந்தது. விளக்குத்தூண் வந்தபோது நாங்களாக நடக்கவில்லை, கூட்டம்தான் எங்களை நடத்தியது. தலைக்கு மேலே துணிப்பைகள், பலூன், "எதை எடுத்தாலும் நூறு" என்று கத்துகிற ஒலிபெருக்கி. போலீஸ் தடுப்புக் கட்டை போட்டு ஒருவழிப் பாதையாக்கி, ஓரத்தில் பந்தல் போட்டு உதவி மையம் வைத்திருந்தார்கள். அதிலிருந்த மைக்கில் ஒரு பெண் காவலர், "நகைகளைப் பத்திரமா பாத்துக்கங்க, சின்னப் பிள்ளைகளைக் கையைவிட்டு விடாதீங்க" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது புதிர்தான் வில்லங்கம். இதற்கு அணியில் ரெண்டு பேரும் பிரியணும். ஒருவர் விளக்குத்தூணில் நிற்கணும். மற்றவர் சந்துக்குள் இருக்கிற பத்துத்தூணுக்குப் போகணும். விளக்குத்தூணில் இருப்பவர் திரையில் நாலு எண் வரும், அதைப் போனில் கூப்பிட்டுச் சொல்லணும், மற்றவர் தன் திரையில் போடணும். இங்கே போனை மூக்குக்கு நேராக நீட்ட முடியாது. கடைக்காரரைக் கூப்பிட முடியாது. பேசித்தான் ஆகணும்! எனக்குள் ஒரு ஆசை எழுந்தது. ஒரு எண்ணையாவது நேராகச் சொல்லட்டுமே.

கிளம்பும் முன் ஹேமாவின் போனில் என் எண்ணை எடுத்து அவரிடம் காட்டினேன். அவள் என் பெயரை "லூசு" என்று போட்டு வைத்திருந்தாள். மாமா அதைப் படித்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் உதட்டு ஓரம் லேசாக அசைந்தது. நான் பார்க்காத மாதிரி பத்துத்தூண் சந்துக்குள் நுழைந்தேன்.

பத்துத்தூணை நீங்கள் கட்டாயம் பார்க்கணும். நாயக்கர் அரண்மனையில் மிச்சமான பத்துப் பெரிய கல்தூண்கள். தாங்குவதற்குக் கூரை எதுவும் இல்லை, ரெண்டு பக்கமும் ஜவுளிக்கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. நைட்டி தொங்குகிற கம்பிக்கு மேலே அண்ணாந்தால் அத்தனை பெரிய தூண். நான் போய் நின்ற உடனே போன் அடித்தது.

"சொல்லுங்க மாமா!"

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ மூச்சு விடுவது கேட்டது. அப்புறம் ஒரு பெண் குரல்: "தம்பி, நான் இங்கன பூ விக்கிறேன். இந்த ஐயா ஏழுன்னு சொல்லச் சொல்றாரு."

அட மாமா!

"சரிங்க, ஏழு, அடுத்து?" என்றேன். "அடுத்தது ரெண்டுங்கறாரு. அதுக்கப்பறம்..." என்று அந்த அம்மா சொல்லும்போதே என் போன் அணைந்துவிட்டது. ராயகோபுரத்தில் ஆசையாக எடுத்த வீடியோக்களும், விடாமல் ஓடிய ஜி.பி.எஸ்ஸும் சேர்ந்து பேட்டரியை உறிஞ்சிவிட்டன. பவர் பேங்க் ஹேமாவின் கைப்பையில், கைப்பை கே.கே. நகரில்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவர் வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. நாமே போவோம் என்று சந்திலிருந்து வெளியே வந்தேன், அதுதான் நான் செய்த தப்பு. வெளியே ஒருவழிப் பாதை. விளக்குத்தூண் கண்ணுக்கு எதிரே தெரிகிறது, திரும்ப விடமாட்டேன் என்கிறார்கள். "சுத்தித்தாண்ணே வரணும்" என்றார் காவலர். கூட்டம் என்னைத் தெற்குமாசி வீதியில் இழுத்துக்கொண்டு போனது. யாரிடமாவது போன் வாங்கிப் பேசலாம் என்றால், ஹேமாவின் எண்கூட எனக்கு மனப்பாடம் இல்லை. கட்டின மனைவியின் எண் தெரியாது என்று ஒரு கடைக்காரரிடம் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

எனக்கு வழி தெரியாதது கூடப் பெரிசில்லை, கேட்டுக் கேட்டு ஆட்டோ பிடித்து வீடு போய்விடலாம். என் கவலை வேறு. 'பாத்தியா, சொல்லாமக்கொள்ளாமப் போயிட்டான், பொறுப்பு கெட்டவன்' என்று மாமா முடிவு கட்டியிருப்பார். கிடைத்த ஒரே சாயங்காலத்தையும் இப்படிக் கோட்டை விட்டேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. பத்தரை மணி பஸ் உறுதி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது மைக்கில் அறிவிப்பு கேட்டது.

"பொதுமக்கள் கவனத்திற்கு. கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளை பிரகாஷ், நீலச் சட்டை, கண்ணாடி போட்டிருப்பார், எங்கிருந்தாலும் விளக்குத்தூண் உதவி மையத்துக்கு உடனே வரவும். உங்கள் மாமனார் காத்திருக்கிறார்."

என் காதை நம்ப முடியவில்லை. இதுவரை அந்த மைக்கில் தேடப்பட்டவர்கள் எல்லாம் மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைகள். எனக்கு வயசு முப்பத்தொன்று. எனக்கு முன்னால் போன ஒரு அம்மா திரும்பி என் சட்டையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். "ஏய், இவருதான்டி!" என்று பக்கத்தில் இருந்தவரை இடித்தார். அதற்குள் அடுத்த அறிவிப்பு.

"மாப்பிள்ளை பிரகாஷ், தலை தீபாவளி நேரத்துல கோவிச்சுக்கிட்டுப் போறது நல்லால்ல. எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். மாமனார் ரொம்ப வருத்தத்துல இருக்கார். உடனே வரவும்."

போச்சுடா! தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை காணோம் என்றால் இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான் போலிருக்கிறது. மோதிரம் போடவில்லை, பைக் வாங்கித் தரவில்லை, மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்! தெற்குமாசி வீதியே என்னைத் தேட ஆரம்பித்தது. "மாப்ள, என்ன கேட்டீங்க, புல்லட்டா?" என்றது ஒரு குரல். "போங்க மாப்ள, வயசானவரு, பாவம்" என்றது இன்னொன்று. "விடுங்கப்பா, வழிய விடுங்க, மாப்ள போறாரு" என்று துணி மூட்டையோடு வந்த ஒருவர் எனக்கு வழி பிரித்தார். சற்று முன் திரும்பவே விடாத அதே காவலர் தடுப்புக் கட்டையைத் தானே நகர்த்தி, "இப்பிடிப் போங்கண்ணே, கோவப்படாதீங்க" என்று உள்ளே விட்டார். மானம் போனாலும் வழி கிடைத்தது.

பந்தலுக்குள் மாமா நின்றிருந்தார். சட்டை முழுக்க வியர்வை. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த எல்லாரையும் விலக்கிக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றார். ஆரம்பித்தார் பாருங்கள்! கையை ஆட்டி, நெற்றியில் அடித்துக்கொண்டு, என் போனைக் காட்டி, பத்துத்தூண் பக்கம் காட்டி, மூச்சு விடாமல் திட்டினார். அவ்வளவும் சௌராஷ்டிரத்தில். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. எனக்கு அந்த மொழி தெரியாது என்பது அவருக்கு ஞாபகமே இல்லை. வீட்டுப் பிள்ளையைத் திட்டுவது போல என் கண்ணைப் பார்த்துத் திட்டிக்கொண்டே இருந்தார்.

மைக் பிடித்திருந்த காவலர் என்னிடம், "என்ன சார் சொல்றாரு?" என்று கேட்டார்.

"தெரியலீங்க மேடம்."

"அப்பறம் ஏன் சார் சிரிக்கிறீங்க?"

"என்கிட்டப் பேசறாருங்க மேடம்" என்றேன். கண் கலங்கிவிட்டது. சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்தக் காவலருக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்ல மாமனார் சார். ஊருக்குப் புதுசு, வழி தெரியாது, என் மாப்ள, என் மாப்ளன்னு சொல்லி எங்கள உக்கார விடல. நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனதா நாங்கதான் நெனச்சுட்டோம்" என்றார். அதுவரைக்கும் திட்டிக்கொண்டிருந்த மாமா சட்டென்று நிறுத்தினார். "என் மாப்ள" என்பதை நான் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தொண்டையைச் செருமினார். போனைப் பார்த்தார்.

"இன்னும் இருவது நிமிஷம் இருக்கு" என்றார். தமிழில், என்னிடம், நேராக. "மூணாவது போனாப் போகட்டும், கடைசிக் கேள்விக்கு மகாலுக்குப் போகணும். நடங்க."

ஓட்டமும் நடையுமாகப் போனோம். விளக்குத்தூணிலிருந்து திருமலை நாயக்கர் மகால் அரை கிலோமீட்டர்தான். ரயில்வேக்காரர் அல்லவா, நேரம் தவறினால் அவருக்கு ஆகாது. போகிற வழி முழுக்கப் பேச்சு. பேட்டரியைப் பார்க்காமல் எவனாவது வீடியோ எடுப்பானா, அலுவலகத்தில் என்ன வேலை, சம்பளத்தில் பிடித்தம் உண்டா, கோயம்புத்தூரில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, ஹேமா இன்னமும் காலையில் காப்பி குடிக்காமல் போகிறாளா. எட்டு மாதம் சேர்த்து வைத்ததையெல்லாம் அந்த அரை கிலோமீட்டரில் கேட்டுவிட்டார். மகால் வாசலில் ஹேமாவின் போனை மட்டும் வைத்துக் கடைசிப் புதிருக்கு விடை போட்டபோது நேரம் முடிந்து நாலு நிமிடம் ஆகியிருந்தது. "நாலு நிமிஷமெல்லாம் லேட்டுல சேராது" என்றார் மாமா.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பண்டிகை வாரத்தில் போகாதீர்கள், சாதாரண நாளில் காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் வெயிலும் இருக்காது, கூட்டமும் இருக்காது. ஆனால் அந்நேரம் கடைகள் மூடியிருக்கும், ராயகோபுரப் புதிர் கஷ்டம். அதனால் ஒன்பதரை மணி நல்ல நேரம். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனை விட மாட்டார்கள், விளையாட்டும் உள்ளே போகாது. சாமி கும்பிடுவதை முன்னாடியே முடித்துக்கொள்ளுங்கள், போனைக் கொடுத்த வாசலிலேயே வெளியே வாருங்கள். மகாலை உள்ளே பார்க்க ஆசை என்றால் மாலை ஐந்துக்கு முன் போய்விடணும், கடைசிப் புதிருக்கு வாசலே போதும். தண்ணீர் பாட்டில், தொப்பி, முக்கியமாகப் பவர் பேங்க். கூட வருகிறவரின் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். தெருக்களைத் தெரிந்தவர்களுக்கும் இந்த விளையாட்டு நல்ல பொழுதுபோக்குதான், அவசரமாகக் கடந்துபோகிற இடத்தில் அண்ணாந்து பார்க்க வைக்கிறது. பேசாமல் இருக்கிற ரெண்டு பேரை அனுப்பலாமா என்றால், தாராளமாக அனுப்பலாம்.

அந்த பஸ் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள்.

ஏழே முக்காலுக்கு வீடு திரும்பினோம். கூடத்தில் எங்கள் பெட்டி கட்டியபடி இருந்தது. மாமா அதைப் பார்த்தார், சோபாவில் உட்கார்ந்தார், என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஹேமா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். தலைவலி இருந்த சுவடே இல்லை.

"பஸ் எத்தன மணிக்கு?" என்றார் என்னிடம்.

"பத்தரைக்குங்க மாமா."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "தலை தீபாவளி. ரெண்டு பேரும் இருந்துட்டுப் போங்க, மாப்ள." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கல்யாணத்தன்னிக்கு நான் சாப்பிடாம வந்துட்டேன். அதுல அவளுக்கு என் மேல கோவம். நான் கூப்பிட்டா அவ இருக்க மாட்டா. நீங்க சொன்னாக் கேப்பா. கொஞ்சம் சொல்லுங்க."

ஹேமா நாலடி தூரத்தில்தான் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் அசையவில்லை.

நான் திரும்பி, "ஹேமா, அப்பா தீபாவளிக்கு இருக்கச் சொல்றாரு" என்றேன்.

"தலை தீபாவளியன்னிக்கு என் கையால போடுறதச் சாப்பிடுவாரான்னு கேளுங்க" என்றாள்.

"மாமா, அவ கையால போட்டாச் சாப்பிடுவீங்களான்னு கேக்கறா."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "தீபாவளி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், இப்பவே பசிக்குதுன்னு சொல்லுங்க" என்றார்.

அதை நான் அவளிடம் சொல்லத் தேவைப்படவில்லை. தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. மூன்று பேருக்கும் ஹேமாதான் பரிமாறினாள். பத்தரை மணிக்குக் கோயம்புத்தூர் பஸ் எங்கள் ரெண்டு சீட்டையும் காலியாக வைத்துக்கொண்டு கிளம்பிப் போயிருக்கும்.